சனிக்கிழமைகளுக்கு ஒரு கூடம் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

மன்னார்குடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளை வளர்க்கும் 23 குடும்பங்கள் சேர்ந்து, சனிக்கிழமைதோறும் இங்கேயே தெரபி நடத்த ஒரு கூடத்தை வாடகைக்கு எடுக்க உங்கள் உதவி கேட்டு இதை எழுதுகிறோம்.

முக்கால் மணி நேர ஸ்பீச் தெரபிக்கு, அதாவது பேச்சுப் பயிற்சிக்கு, தஞ்சாவூர் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. எங்கள் பையன் ஒருவனுக்கு ஏர் ஹாரன் ஆகாது. அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சீட்டுக்கு அடியில் போய்விடுவான். "பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியாதா?" என்று பின்னாலிருந்து யாராவது கேட்பார்கள். அவன் அம்மா வடுவூரிலேயே இறங்கி, அவன் அடங்கும்வரை அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். தெரபி அறைக்குள் நுழையும்போது பிள்ளை சோர்ந்திருப்பான், சொல்லிக்கொடுப்பது எதுவும் ஏறாது. நடவுக் காலமென்றால் அன்றைய கூலியும் போச்சு. நாலு வாரம் போகிறவர்கள் ஐந்தாம் வாரம் நின்றுவிடுகிறார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது?

அதனால் போன வருடம் ஆறு சனிக்கிழமை தெரபிஸ்டை இங்கேயே வரவழைத்துப் பார்த்தோம். இடம், ஒரு உறுப்பினர் வீட்டுத் திண்ணை. சாமான், ஒரு தட்டு மொச்சையும் வாய் குறுகிய ஒரு டப்பாவும். மொச்சையை ஒவ்வொன்றாக விரல் நுனியால் எடுத்துப் போட வேண்டும். எட்டு வயதுப் பெண் ஒருத்தி ஆறாவது வாரம் தன் சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொண்டாள். மேலும் கீழும் மாறித்தான் போட்டிருந்தாள். அவள் அம்மா அதைச் சரிசெய்யாமல் அப்படியே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார்.

அப்புறம் மழை வந்தது. திண்ணையில் நடத்த முடியவில்லை.

கூடம் தெரபிக்கு மட்டுமல்ல, அரசு உதவிகளை எப்படி வாங்குவது என்று சொல்லிக்கொடுக்கவும்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள பிள்ளைக்கு 18 வயதுவரை இலவசக் கல்வி உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்ச ரூபாய் வரை கொடுக்கிறது, தெரபிச் செலவும் அதில் சேர்த்தி. 18 வயதானபின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க ஆட்சியர் தலைமையில் குழு இருக்கிறது. எல்லாம் இருக்கிறது, சரி. எந்தப் படிவம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. ஏற்கெனவே அலைந்து முடித்த அம்மாக்கள் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆட்டிசம் என்ற சொல்லை நேற்றுத்தான் முதன்முறையாகக் கேட்டவர்களுக்கு ஒரு டீ கொடுத்துப் பக்கத்தில் உட்காரவும் ஆள் வேண்டுமே.

கணக்கு இது: மாத வாடகை 6,000 ரூபாய். இரண்டு தெரபிஸ்டுகளுக்கு நான்கு சனிக்கிழமைக்கு 12,000. கரண்ட், டீ, சில்லறைச் செலவு 1,500. ஆக 19,500. குடும்பத்துக்கு 300 வீதம் நாங்கள் 6,900 போடுகிறோம். மாதம் 12,600 துண்டு விழுகிறது. இதுதவிர உத்தரத்தில் தொங்கவிடும் தெரபி ஊஞ்சல், தரை விரிப்பு, கைப்பிடி வைத்த வெஸ்டர்ன் டாய்லெட் ஆகியவற்றுக்கு ஒருமுறைச் செலவாக 45,000 தேவை.

பிறந்தநாளுக்குப் பிரியாணிப் பொட்டலம் தர நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல மனதுதான். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் பழகாத சாப்பாட்டைத் தொட மாட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு சனிக்கிழமையை ஏற்றுக்கொள்ளுங்கள். 'பாவம்' என்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம், ஆனால் பிள்ளைகள் காதுபட அதைச் சொல்லாதீர்கள்.

100 ரூபாய்க்கும் ரசீது உண்டு. நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு எங்களுக்கு இன்னும் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறோம். வரவு செலவு நோட்டை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். கொடுப்பதற்கு முன் ஒருமுறை நேரில் வந்து பார்த்தாலும் சந்தோஷம். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வாருங்கள், ஹாரன் மட்டும் அடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பெற்றோர் குழுவினர்