ஜான் ஃப்ராங்கோவுக்கு ஒரே ஒரு வாய்ப்பு போதுமா?

கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். 2025இல் பேஸ்பால் எழுத்தாளர்களின் ஓட்டில் பில்லி வாக்னர் உங்கள் புகழ் மண்டபத்துக்குள் வந்தார். சந்தோஷம். 422 சேவ் எடுத்த இடதுகை க்ளோசர், அதாவது கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் பந்துவீச்சாளர் அவர். அவரைவிட இரண்டு கூடுதலாக, 424 சேவ் எடுத்த இடதுகைக்காரர் ஜான் ஃப்ராங்கோ வெளியே நிற்கிறார். இடதுகை பிட்சர்களில் இன்றும் அதுதான் அதிகம்.

சேவ் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக: அணி கொஞ்ச ரன்னில் முந்தியிருக்கும்போது, பெரும்பாலும் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து, அந்த முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுத்தால் அது சேவ். சொதப்பினால் மொத்தப் பழியும் அவர் தலையில்தான்.

ஃப்ராங்கோவிடம் வாக்னரின் வேகம் கிடையாது. சர்க்கிள் சேஞ்சப் என்ற மெதுவான பந்தை வைத்தே பிழைத்தார். 2000 அக்டோபரில் சான் ஃப்ரான்சிஸ்கோவில், நியூயார்க் மெட்ஸ் அணிக்காக, ஆட்டம் நீண்டு பத்தாவது இன்னிங்ஸில், ஒரு ரன் முன்னிலை, எதிரே அதிரடி மட்டையாளர் பேரி பாண்ட்ஸ். அப்போதும் அதே பந்தைத்தான் போட்டார். பாண்ட்ஸ் மட்டையை அசைக்காமல் நின்றார், மூன்றாவது ஸ்ட்ரைக்கில் அவுட், ஆட்டம் முடிந்தது. அப்போது ஃப்ராங்கோவுக்கு வயது 40. க்ளோசர் இடத்தை இளையவரிடம் விட்டுக்கொடுத்து, அவருக்கு முன்னால் வந்து வீசிக்கொண்டிருந்த காலம் அது. அதே மாதம் யாங்கீஸுக்கு எதிரான உலகத் தொடரில் (சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடர்) மெட்ஸ் ஜெயித்த ஒரே ஆட்டமும் அவர் கணக்கில்தான் சேர்ந்தது.

அப்புறம் முழங்கை போனது. 41 வயதில் டாமி ஜான் எனப்படும் முழங்கைத் தசைநார் அறுவைச் சிகிச்சை, 2002 முழுக்க வீட்டில். அந்த வயதில் யாராக இருந்தாலும் ஓய்வு பெற்றிருப்பார்கள். இவர் 2003இல் திரும்பி வந்தார். மொத்தம் 1,119 ஆட்டங்கள். புரூக்ளின் பையன், நியூயார்க் துப்புரவுத் துறையில் வேலை பார்த்த அப்பாவின் நினைவாக, அந்தத் துறையின் ஆரஞ்சு டி-ஷர்ட்டை ஜெர்சிக்கு உள்ளே போட்டுக்கொண்டு ஆடியவர். (இதற்காக ஓட்டுப் போடச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.)

2011இல் முதன்முறையாக வாக்குச்சீட்டில் அவர் பெயர் வந்தது. 4.6 சதவீதம். 5 சதவீதம் வராவிட்டால் பெயர் நீக்கம் என்பது விதி. அத்தோடு சரி. வாக்னரும் 2016இல் 10.5 சதவீதத்தில்தான் தொடங்கினார். ஆனால் வாக்களித்தவர்களுக்கு அவரைப் பற்றி யோசிக்கப் பத்து ஆண்டு கிடைத்தது.

இருவரில் வாக்னரே சிறந்தவர், மறுக்கவில்லை. 903 இன்னிங்ஸில் 1,196 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவரோடு, 1,245 இன்னிங்ஸில் 975 எடுத்தவரை ஒப்பிட்டால் யார் பக்கம் சாயும் என்று தெரியும். நான் கேட்பது ஓட்டு அல்ல, விவாதம். அடுத்த முறை அவர் காலத்து ஆட்டக்காரர்களுக்காக எட்டுப் பெயர் கொண்ட பட்டியல் போடும்போது, அதில் ஒன்றாக ஃப்ராங்கோவை எழுதுங்கள். பதினாறு பேர் உட்கார்ந்து பேசட்டும். தேவையான பன்னிரண்டு ஓட்டு விழாவிட்டால் விழாமல் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் ரசிகன்