செல்லையாவுக்கு, பினாங்கிலிருந்து

அன்புள்ள செல்லையா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். கண்ணைக் கசக்காதே என்றால் நீ கேட்க மாட்டாய், தங்கச்சியிடமே சொல்லிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விடுவதாக இல்லை.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டப்புற நாவல்களைப் பற்றி எம்.ஏ. ஆய்வு செய்யப் போகிறாள், என்ன படிக்கச் சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். நாவல்களை அவள் என்னைவிட நன்றாகவே படித்திருப்பாள். கோர்ட்டுக் காகிதங்களைப் படிக்கச் சொல்.

அருணிமா தத்தா என்ற வரலாற்றாசிரியரின் நூல் ஒன்று 2021இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. பிரிட்டிஷ் மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றியது. நாம் படித்த வரலாற்றில் தோட்டத்துப் பெண் என்றால் யாரோ ஒருவரின் மனைவி. ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள், பிள்ளை பெற்றாள், அதோடு சரி. இவர் வழக்குக் கட்டுகளுக்குள் போகிறார். "என் பெண்டாட்டியை ஆசை காட்டி அழைத்துப் போய்விட்டான்" என்று புருஷன் புகார் கொடுக்கிறான். விசாரணையில் பார்த்தால், யாரோடு இருப்பது, யாரை விட்டுப் போவது என்று அவளே ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். அதற்காக எல்லாவற்றையும் துணிச்சல் என்று கொண்டாடிவிடவும் முடியாது. வெட்டுப்பட்டுச் செத்தவர்களும் அதே கட்டுகளில்தான் இருக்கிறார்கள்.

அப்புறம் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம். அதன் கோரிக்கைப் பட்டியலை அவள் ஒரு தடவை வரி வரியாகப் படிக்க வேண்டும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களிடம் யாரும் அத்துமீறக் கூடாது என்று போகிற பட்டியலில், துரைக்கு முன்னால் சைக்கிளில் ஏறிப் போக அனுமதி வேண்டும் என்றும் ஒரு வரி! அதுவரை துரை எதிரே வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இதை வெறும் சம்பளச் சண்டை என்று எழுதியவர்களுக்கு அந்த வரி கண்ணிலேயே படவில்லை போலிருக்கிறது. ஒரு நாவலாசிரியன் முதலில் அதைத்தான் பிடித்திருப்பான். தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின.

என் ஆதங்கம் உனக்குத் தெரிந்ததுதான். வரலாற்றுக்காரர்கள் நம் தமிழ் நாவல்களைச் சாட்சியாகவே எடுத்துக்கொள்வதில்லை. தமிழ்த்துறைப் பிள்ளைகளோ பாத்திரப் படைப்பு, உவமை நயம் என்று எழுதிப் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். அரசாங்கக் கோப்புகளையும் கதைகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க ஆள் வேண்டும், உன் மகளால் முடியும். அர்கிப் நெகாரா, அதாவது தேசிய ஆவணக் காப்பகம், கோலாலம்பூரிலேயே இருக்கிறது. கிள்ளான் அடங்கிய சிலாங்கூர் மாநிலத்தின் பழைய செயலகக் கோப்புகளைக் கேட்டுப் பார்க்கச் சொல். குளிராக இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துப் போகட்டும்.

புத்தகம் என்னிடம் இருக்கிறது. தபாலில் அனுப்ப மனமில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னாயே, அப்போது தருகிறேன். பென்சில் கோடு போடாமல் திருப்பித் தர வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
நடராஜன்