நாலிலிருந்து ஆறுக்கு எவ்வளவு தூரம்?

பெரிய ரயில் சந்திப்புகளில் வண்டிக்குப் பிளாட்பாரம் ஒதுக்குகிற, அதை ஒலிபெருக்கியில் சொல்கிற அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன் கோட்டையூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சென்னை போவது பெரிய காரியமில்லை. விடியக்காலை காரைக்குடியில் பல்லவன் ஏறினால் மதியத்துக்குள் எழும்பூர், வழியில் ஏறி இறங்கும் வேலையே கிடையாது. கோயம்புத்தூர், காசி என்று கிளம்பினால்தான் பெரும்பாலும் நடுவில் ஒரு பெரிய ஜங்ஷனில் இறங்கி மாற வேண்டியிருக்கிறது. இந்த மடல் அந்த இறங்கி மாறுவதைப் பற்றி.

போன ஆவணியில் என் ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு ஜங்ஷனில் இறங்கினேன். எது என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒன்றுக்கு மட்டும் விளக்கம் வரும், மற்றவை அப்படியே கிடக்கும். ஆத்தாவுக்கு வயது 76, வலது முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருஷம். பேத்தி பிள்ளை பெற்றிருந்தாள். இரண்டு ஓலைக் கொட்டான் நிறையச் சீப்புச் சீடை, ஒரு தூக்கில் மாவுருண்டை, ஒரு பெட்டி, இவ்வளவுதான் சுமை. எங்கள் வண்டி நாலாம் பிளாட்பாரம் என்று கைப்பேசி காட்டியது, தொங்கிய பலகையும் அதையே காட்டியது. லிஃப்ட் இருக்கிற கோடி வரை நடந்து, பாலம் கடந்து, நாலில் இறங்கி, எங்கள் பெட்டி நிற்கும் இடம் விசாரித்து உட்கார முக்கால் மணி நேரம் ஆனது. வண்டிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்தது. ஆறாம் பிளாட்பாரமாம்.

நாலுக்கும் ஆறுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை ரயிலேறுகிற பாதிப் பேருக்கு அது தெரியாது. நாலும் ஐந்தும் ஒரே மேடையின் இரண்டு பக்கம். நாலில் உட்கார்ந்திருப்பவர் திரும்பி உட்கார்ந்தால் ஐந்து. ஆறு அப்படியில்லை. இரண்டு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஆள் முகம் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. போய்ச் சேர மறுபடி பாலம் ஏற வேண்டும். எல்ஹெச்பி என்கிற புது ரக ரயில் பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர், 22 பெட்டி வண்டி அரைக் கிலோமீட்டருக்கு மேல். எங்கள் பெட்டியோ பாலத்துக்கு எதிர்க்கோடியில் நிற்பது.

“அந்தா தெரியுதுல்ல, இறங்கிக் கடந்துருவமா?” என்றார் ஆத்தா. வாழ்நாளில் வரிசை தப்பி ஒரு கோயிலுக்குள் நுழையாத மனுஷி. தண்டவாளத்தைக் கடப்பது 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். எட்டு நிமிஷம் கொடுத்து எதிரே இருக்கிற மேடைக்குப் போகச் சொன்னால் அந்தக் கால் எந்தப் பக்கம் திரும்பும்?

சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “இந்த வண்டி எப்பவும் ஆறுலதானே வரும், பெரியம்மா. இங்க யாரு உக்காரச் சொன்னது?” நான் பலகையைக் காட்டினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னை எழுத வைத்தது. 'எப்பவும்' என்று போர்ட்டருக்குத் தெரிந்த சங்கதி பலகைக்குத் தெரியாமல் போனது எப்படி?

வண்டி கிடைத்தது. ஏதோ ஒரு பெட்டியில் ஏறி உள்ளுக்குள்ளேயே எட்டுப் பெட்டி நடந்தோம். ஒரு கொட்டான் பாலத்துப் படியில் நசுங்கியது. சீடை போனதில் ஆத்தாவுக்கு இன்னும் வருத்தம். கால் வீங்கினதைப் பற்றிப் பேச்சே இல்லை.

சீடையோடு போனது எங்கள் நல்ல காலம். 2025 பிப்ரவரி 15 இரவு புது டெல்லி நிலையத்தில், கும்பமேளாவுக்குப் போகக் கூடிய கூட்டம் படிக்கட்டில் நெரிந்து 18 பேர் இறந்தார்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு வண்டிகளின் அறிவிப்பில் ஆட்கள் குழம்பியதாகப் போலீஸ் தரப்பிலேயே சொன்னார்கள்.

பிளாட்பார எண்ணைத் திருத்தவே முடியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. மும்பை தாதரில் மேற்கு ரயில்வேக்கு ஒரு வரிசை, மத்திய ரயில்வேக்கு ஒரு வரிசை என்று ஒரே எண் இரண்டு இடத்தில் இருந்தது. 'ஒன்றாம் நம்பர்' என்றால் எந்த ஒன்று? 2023 டிசம்பர் 9 முதல் மத்திய ரயில்வே பக்கத்தை 8 முதல் 14 வரை என்று மாற்றிவிட்டார்கள். நம் சென்னை சென்ட்ரலில் 2க்கும் 3க்கும் நடுவே 2ஏ என்று ஒரு குட்டைப் பிளாட்பாரம் உண்டு. முதல்முறை போகிறவர் இரண்டில் நின்று வண்டியைத் தேடுவார். ஆனாலும் சென்ட்ரலில் தப்பித்துக்கொள்ளலாம். வண்டிகள் வந்து முட்டி நிற்கிற நிலையம் அது, முன்பக்கமாகவே நடந்து அடுத்ததற்குப் போய்விடலாம், படி ஏற வேண்டாம்.

எங்கள் ஊர் வீடும் அந்த மாதிரித்தான். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எல்லா வாசலும் நேர்கோட்டில் தெரியும், பின்தெருவில் மாடு போவதுகூடத் தெரியும். அந்த வீட்டில் பிறந்தவரை நாலில் உட்கார வைத்து ஆறைத் தேடச் சொல்கிறீர்கள்.

(எங்கள் ஐயா கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, கொழும்பு போன காலத்தில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். கப்பல் மாறினவர் ஒருநாளும் வழி தவறினதாகக் கதை கேட்டதில்லை. 1964 டிசம்பர் புயலோடு அந்த வழியே போய்விட்டது. ராமேஸ்வரம் வண்டியை மட்டும் நாங்கள் இன்னும் போட் மெயில் என்கிறோம்.)

ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்கவில்லை. முன்னால் வந்த வண்டி கிளம்பாமல் நிற்கலாம், பெட்டி எண்ணிக்கைக்கு மேடை நீளம் போதாமல் இருக்கலாம். நான் கேட்பது ஒன்றுதான். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் அதே மேடையின் மறுபக்கத்தைப் பாருங்கள். நாலை ஐந்தாக மாற்றினால் கிழவிகள் திரும்பி உட்கார்ந்தால் போதும். அதுவும் முடியாவிட்டால், பாலத்தைக் கடக்க ஆகிற நேரத்தை ஒரு முழங்கால்காரரை நடக்கவிட்டு அளந்துகொள்ளுங்கள். அதற்குக் குறைவான நேரத்தில் அறிவித்தால் அவர்கள் ஏறும்வரை வண்டியை நிறுத்தி வையுங்கள்.

இன்னொன்று, பெயிண்ட் செலவு மட்டும். எண்ணை மேடையின் நடுவில் உயரத்தில் தொங்க விடுகிறீர்கள். அது தெரிவது இறங்கி முடித்தவருக்கு. எந்தப் படியில் இறங்குவது என்று ஆள் முடிவு செய்வது பாலத்தின் மேல். அங்கே, முதல் படிக்குப் பக்கத்துக் கைப்பிடியில், கண்ணுக்கு நேரே பெரிதாக '4, 5' என்று தமிழ் படிக்கிறவருக்கும் புரிகிற மாதிரி எழுதி வையுங்கள்.

ஒலிபெருக்கியையும் நிறுத்திவிடாதீர்கள். 2023 பிப்ரவரியில் சென்ட்ரலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, பயணிகள் முறையிட்டதும் திரும்பக் கொண்டுவந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கு ஓடுகிற எழுத்துப் பலகை உதவாது.

தை மாதம் பிள்ளைக்கு முடியிறக்க மறுபடி அதே ஜங்ஷன் வழியாகத்தான் போக வேண்டும். புதுக் கொட்டான் வாங்கியாகிவிட்டது. “எத்தனாம் நம்பர்னு கேட்டு வச்சியா?” என்று ஆத்தா இப்போதே கேட்கிறார். ஆறு என்று சொல்லி வைத்திருக்கிறேன், போர்ட்டரை நம்பி.

இப்படிக்கு,
கோட்டையூர்ப் பயணி ஒருத்தி