நெப்ராஸ்காவின் ஐந்து ஓட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர் தேர்தல்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் நெப்ராஸ்கா மாநிலத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: 'கிராமப்புற மாநிலம், எப்போதும் குடியரசுக் கட்சிக்கே.' படத்திலும் மாநிலம் முழுக்க அந்தக் கட்சியின் சிவப்பு. என் மகள் குடும்பம் அங்கே ஓமஹா நகரில் இருக்கிறது. பள்ளியில் வரலாறு நடத்தியவன், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலைக்கு எங்கள் நீலகிரி மலையெல்லாம் சுற்றியவன் என்பதால் அந்த 'எப்போதும்' எனக்கு உறுத்தியது. அடுத்த முறை நிறத்தோடு விழுக்காட்டையும் சேர்த்துப் போடுங்கள்.

பரப்பில் நெப்ராஸ்கா தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு. மக்கள்தொகையோ 2020 கணக்கெடுப்பில் இருபது லட்சத்துக்கும் கீழே. மக்காச்சோளம், மாடு, மீதியெல்லாம் புல்வெளி. 1896 முதல் 1936 வரை நடந்த 11 அதிபர் தேர்தல்களில் ஆறில் அந்த மாநிலம் ஜனநாயகக் கட்சிக்கே போட்டது. 1896இல் அந்தக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், லிங்கன் நகரத்துக்காரர், வயது 36. கடனில் மூழ்கிய விவசாயிக்குப் பணப்புழக்கம் வேண்டும், வெள்ளியையும் நாணயமாக அடியுங்கள் என்றார். நாடு அவரை மூன்று முறை தோற்கடித்தது. சொந்த மாநிலம் இரண்டு முறை கூட நின்றது, 1900இல் மட்டும் கை விட்டது. 1932இலும் 1936இலும் அதே கட்சியின் ரூஸ்வெல்ட் அங்கே வென்றார். விளைபொருளுக்கு விலை இல்லை, வறட்சி வேறு. பச்சைத் தேயிலை விலை விழுந்த வருடங்களில் எங்கள் கட்டபெட்டு, கோத்தகிரி டீக்கடைகளில் நடந்த பேச்சைக் கேட்டவர்களுக்கு, அந்த ஓட்டு ஏன் திரும்பியது என்று விளக்கத் தேவையில்லை. 1940இல்தான் காற்று மாறியது. அதன்பின் ஜனநாயகக் கட்சிக்கு மாநிலம் மொத்தமாகக் கிடைத்தது 1964இல் ஜான்சனுக்கு மட்டும், அதுவும் 52 விழுக்காட்டுச் சொச்சத்தில்.

ஜார்ஜ் நாரிஸ் என்ற செனட்டரைக் கட்டுரையாளர் விட்டிருக்கக் கூடாது. குடியரசுக் கட்சிக்காரர், ஆனால் 1932இல் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தார். சட்டமன்றத்துக்கு இரண்டு அவை எதற்கு, ஒன்று போதும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1934இல் மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் அமெரிக்காவில் ஒற்றை அவை உள்ள மாநிலம் அது ஒன்றுதான். 49 உறுப்பினர்கள். அவர்களுக்கு ஓட்டுப் போடும் சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 1936ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நாரிஸுக்குப் பெரிய பங்கு உண்டு. இதைப் படித்தபோது நானே இரண்டு முறை சரிபார்த்தேன்: தனியார் மின் நிறுவனமே இல்லாமல், மாநிலம் முழுவதற்கும் பொதுத்துறையும் கூட்டுறவும் மட்டுமே கரண்டு கொடுக்கும் ஒரே அமெரிக்க மாநிலம் நெப்ராஸ்கா. மின் மாவட்டங்களின் இயக்குநர்களைக்கூட ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள் கரண்டு இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அந்த ஓட்டின் மேல்தான் ஆசை வருகிறது.

இப்போது அந்த ஐந்து ஓட்டுக்கு வருகிறேன். அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கிய ஓட்டுகளை எலக்டோரல் ஓட்டு என்பார்கள். மற்ற மாநிலங்களில் முன்னால் வந்தவருக்கே அவை எல்லாம். மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் விலக்கு. நெப்ராஸ்காவில் இரண்டு ஓட்டு மாநிலம் முழுக்க வென்றவருக்கு, மீதி மூன்றும் தொகுதிக்கு ஒன்று. 1992 தேர்தல் முதல் இந்த ஏற்பாடு. 2008இல் ஓமஹா அடங்கிய இரண்டாம் தொகுதியை ஒபாமா எடுத்தார். 2020இல் பைடன், 2024இல் கமலா ஹாரிஸ். இடையில் 2012இலும் 2016இலும் அது குடியரசுக் கட்சிக்குப் போனது. ஆகவே உங்கள் படம் 2024க்குத் தப்பு: நான்கு சிவப்பு, ஒன்று ஜனநாயகக் கட்சியின் நீலம்.

அந்தத் தேர்தலுக்கு முன் மகள் ஒரு புகைப்படம் அனுப்பினாள். அவர்கள் தெருவில் ஒரு வீட்டு முன் புல்லில் வெள்ளைப் பலகை. நடுவில் நீல வண்ணத்தில் ஒரு வட்டம். கட்சிப் பெயர், வேட்பாளர் பெயர், ஒரு எழுத்துகூட இல்லை. கொஞ்ச நாளில் தெருவுக்குத் தெரு அதே வட்டம் என்றாள். சுவரில் ஓர் அங்குலம் காலி இருந்தாலும் சின்னம் வரைந்துவிடும் ஊரில் வளர்ந்தவனுக்கு அது புதுமைதான்.

தொகுதி முறையை எடுத்துவிட்டு அந்த ஓர் ஓட்டையும் பறிக்க 2024 செப்டம்பரில் முயற்சி நடந்தது. பேசிச் சம்மதிக்கவைக்கத் தென் கரோலினாவிலிருந்து செனட்டர் லிண்ட்சே கிரஹாம் வந்தார். மாநில அவையில் 33 பேர் வேண்டும். மைக் மெக்டொனல் என்ற உறுப்பினர், அதே வருடம் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்குத் தாவியவர், தேர்தல் நெருங்கிய நேரத்தில் விதியை மாற்ற மாட்டேன் என்றுவிட்டார். கதை முடிந்தது. கட்சி தாவியவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். தாவிய பிறகும் இப்படி நின்றவர் அபூர்வம்.

'அங்கே மற்றவர்கள் ஓட்டுப் போட்டுப் பயனில்லை' என்றும் கட்டுரையில் இருந்தது. 2020இல் வயோமிங் மாநிலத்தில் டிரம்ப் வாங்கியது இரண்டு லட்சத்துக்கும் குறைவான வாக்கு. மூன்று எலக்டோரல் ஓட்டும் அவருக்கு. அதே தேர்தலில் நெப்ராஸ்காவில் பைடனுக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் லட்சம், கிடைத்தது ஒன்று. அதுவும் தொகுதி முறை இருந்ததால். கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல. மாநிலத்தின் 93 கவுண்டிகளில் ஓமஹா, லிங்கன் நகரங்கள் இருக்கும் இரண்டைத்தான் அவர் வென்றார். ஆர்தர் என்றொரு கவுண்டி, மொத்தம் ஐந்நூறு பேர்கூட இல்லை, அங்கே டிரம்புக்குத் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல்.

கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஒரு சாவடியில், இயந்திரத்தை மூடி அரக்கு வைக்கும்போது ஒரு முகவர் சொன்னார்: "சார், எங்களுக்கு இங்கே ஏழு ஓட்டு. ஏழும் யாருடையது என்று சொல்லட்டுமா?" வேண்டாம் என்றேன். அந்த ஏழு பேரும் காலையிலேயே வந்து போட்டுவிட்டுப் போனவர்கள். ஆர்தரிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். எங்கள் தொகுதிக்கு 1996 முதல் 2014 வரை தமாகா, பாஜக, காங்கிரஸ், திமுக, அதிமுக என்று ஐந்து கட்சிக்காரர்கள் எம்.பி. ஆகியிருக்கிறார்கள். அதிலும் இப்போது உதகை, குன்னூர், கூடலூர் மூன்றும் மலை. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் சமவெளி. படத்தில் எல்லாம் சேர்ந்து 'நீலகிரி', ஒரே நிறம். மலை என்ன சொன்னது என்று தெரிய வேண்டுமானால் சட்டமன்றத் தொகுதிக் கணக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

2025இலும் அந்த மசோதா வந்தது, அப்போதும் 33 கிடைக்கவில்லை. பேத்திக்கு 2028இல் முதல் ஓட்டு, அதே இரண்டாம் தொகுதியில். யாருக்குப் போட்டாள் என்று என்னிடம் சொல்லமாட்டாள். அவள் பாட்டியிடம் சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கட்டபெட்டு, நீலகிரி மாவட்டம்.