‘கொல்லும் நோக்கம் இல்லை’ என்ற ஒற்றை வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கொலை வழக்கில் மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தால், ‘கொல்லும் நோக்கம் இல்லை என்பதால் குறைப்பு’ என்ற ஒற்றை வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த வரி பல வழக்குகளில் தவறு. இறந்தவரின் குடும்பம் தீர்ப்பைப் புரிந்துகொள்ள அந்தச் செய்தியைத்தான் படிக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

கொல்ல வேண்டும் என்று நினைத்தால்தான் கொலை என்று சட்டம் சொல்லவில்லை. பஞ்சாபில் ஒருவர் அடிவயிற்றில் ஒரே ஒரு ஈட்டிக் குத்து வாங்கினார். குடல் வெளியே சரிந்து, மறுநாள் இறந்தார். அந்த விர்சா சிங் வழக்கில் 1958இல் உச்ச நீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் கேள்வியை இரண்டாகப் பிரித்தார். குத்தியவர் அந்தக் காயத்தை அந்த இடத்தில் வேண்டுமென்றே ஏற்படுத்தினாரா, தவறிப் பட்டதா? இது மனம் பற்றியது. அந்தக் காயம் இயல்பான போக்கில் உயிரைப் பறிக்கப் போதுமானதா? இது உடல் பற்றியது. குத்தியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. இரண்டுக்கும் விடை ‘ஆம்’ என்றால், விதிவிலக்கு எதுவும் பொருந்தாதவரை அது கொலை. ‘ஒரே குத்துதானே’ என்ற வாதம் மட்டும் யாரையும் காப்பாற்றாது.

உயிர் போகக்கூடிய காயம் என்றால் அது கொலையாகாத மரணம் விளைவித்தல். உயிர் போகப் ‘போதுமான’ காயம் என்றால் கொலை. ஆயுளுக்கும் சில ஆண்டுகளுக்கும் நடுவே நிற்பது அநேகமாக அந்த ஒரு சொல்தான். அரசுத் தரப்பு சறுக்குவதும் இங்கேதான். பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் ‘அதிர்ச்சி, ரத்தப்போக்கால் மரணம்’ என்று இருக்கும். அது மரணத்தின் காரணம் மட்டுமே. கூண்டில் ஏறும் மருத்துவரிடம் ஆயுதத்தைக் காட்டி, இந்தக் காயம் இதனால் ஏற்பட்டிருக்குமா, இயல்பான போக்கில் மரணத்துக்குப் போதுமானதா என்று தனித்தனியாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கேட்காமல் விட்டாலும் காயத்தின் தன்மையை வைத்து நீதிபதியே முடிவுக்கு வரலாம். ஆனால் மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பது அந்த ஓட்டையில்தான். ‘ஆஸ்பத்திரியில் ஒழுங்காகப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார்’ என்பது மட்டும் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தப்பும் வழி ஆகாது; இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 100ஆவது பிரிவின் விளக்கமே அதை மறுக்கிறது.

கொலையின் எல்லா அம்சமும் இருந்தும் விதிவிலக்கில் விழும் வழக்குகள் வேறு வகை. இங்கே நோக்கம் இருந்திருக்கலாம். ஆனாலும் குற்றம் ஒரு படி இறங்கும். அதிகம் பேசப்படுவது திடீர்ச் சண்டை. முன்திட்டம் கூடாது, சண்டையின் ஆவேசத்திலேயே நடந்திருக்க வேண்டும், எதிராளியின் பலவீனத்தை முறையற்றுப் பயன்படுத்தியிருக்கக் கூடாது, கொடூரமாக நடந்திருக்கக் கூடாது. முதலில் கை வைத்தது யார் என்பது முக்கியமில்லை. டீக்கடை வாசலில் வாய்த்தகராறு முற்றி, கையில் கிடைத்த கட்டையால் அடித்தவருக்கு இது பொருந்தலாம். வீட்டுக்குப் போய் அரிவாளோடு திரும்பியவருக்குப் பொருந்துவது கடினம்.

ஆத்திரமூட்டல் என்ற விதிவிலக்கிலும், ஆத்திரமூட்டியதற்கும் கொன்றதற்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கேள்வி. ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழிந்திருந்ததால் 1961இல், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதிக்கு அது கிடைக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றமோ, குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், 1989இல், நல்லதங்காள் கதையைச் சுட்டி, நாள்பட்டுச் சேர்ந்த ஆத்திரமூட்டலையும் கணக்கில் எடுத்தது. இதைச் சட்டத்தை வளைத்த இரக்கம் என்று சொல்வோர் உண்டு. என் கருத்தில், துன்பம் ஒரே நொடியில் வருவதில்லை என்பதை நம் மண்ணின் கதை வழியே சரியாகப் படித்த தீர்ப்பு அது.

ஆகவே, தண்டனைக் குறைப்புச் செய்தியில் மூன்றைச் சேருங்கள். ஒன்று, குறைத்தது காயத்தின் தன்மையாலா, விதிவிலக்காலா. இரண்டு, கொலையாகாத மரணம் விளைவித்தலுக்குத் தண்டனை சொல்லும் சன்ஹிதாவின் 105ஆவது பிரிவில் எந்தப் பகுதி. மரணத்தையோ, மரணம் விளைவிக்கக்கூடிய காயத்தையோ நோக்கமாகக் கொண்டிருந்தால் முதல் பகுதி: ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு, அபராதம். நோக்கமின்றி, உயிர் போகலாம் என்ற அறிவு மட்டும் இருந்தால் இரண்டாம் பகுதி: 10 ஆண்டு வரை, அபராதம். மூன்று, சம்பவத் தேதி. 2024 ஜூலை 1க்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஆவது பிரிவுதான் பொருந்தும். அதன் முதல் பகுதியில் ஐந்தாண்டு என்ற குறைந்தபட்ச வரம்பு கிடையாது, இரண்டாம் பகுதியில் அபராதத்தோடு மட்டும் விடவும் இடமுண்டு. பழைய சம்பவத்துக்குப் புதிய பிரிவின் எண்ணைப் போட்டால், முதல் பகுதியில் தண்டனை ஐந்தாண்டுக்கும் குறைவாக, மூன்றாண்டாக இருந்தால் அது ஏன் என்று வாசகருக்குப் புரியவே புரியாது.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை