செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தேறின. அவற்றின் வரவு செலவு பொருளாளரின் அறிக்கையில் உள்ளது. உதவித்தொகை வரம்புகளால் தடுமாறிய உறுப்பினர் குடும்பங்களுக்குத் துணைநின்ற பணியே இவ்வாண்டு சங்கத்தின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டதால், அதையே விரிவாக எழுதுகிறேன்.

பக்கவாதத்தால் முடங்கிய மூத்த உறுப்பினர் ஒருவருக்கு 2018 முதல் சிங்கப்பூரில் கடும் உடற்குறை உள்ளவர்களுக்கான எல்டர்ஷீல்டு காப்புறுதி மூலம் மாதம் 400 வெள்ளி (டாலர்) வந்துகொண்டிருந்தது. அத்திட்டம் 72 மாதங்களுக்கு மட்டுமே வழங்கும் என்பதால் இவ்வாண்டு அது நின்றுவிட்டது. அவருடைய வலக்கையும் காலும் அன்றிருந்தபடியேதான் இருக்கின்றன. 2020 அக்டோபரில் தொடங்கிய புதிய காப்புறுதித் திட்டமான கேர்ஷீல்டு லைஃப், கடும் உடற்குறை நீடிக்கும் காலம் முழுவதும் வழங்குகிறது என்றாலும், 1979இலோ அதற்கு முன்போ பிறந்து ஏற்கெனவே கடும் உடற்குறைக்கு ஆளானவர்கள் அதில் சேர இயலாது. வசதி குறைந்தவர்களுக்கு மாதம் 250 வெள்ளி வரை தரும் எல்டர்ஃபண்டு என்ற அரசு உதவித் திட்டத்துக்கு அவர் சார்பில் விண்ணப்பித்துள்ளோம்.

குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய 6 செயல்களில் குறைந்தது 3க்குப் பிறர் உதவி தேவை என்று உறுதியானால்தான் இத்திட்டங்களின் உதவி கிடைக்கும். இன்னோர் உறுப்பினர் வீட்டில், மதிப்பீட்டாளர் கேட்டதும், தாமே சட்டை போட்டுக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். அன்று காலை பொத்தான்களை மாட்டிவிட்ட மனைவி சமையலறை வாசலில் பேசாமல் நின்றார். தன்மானமுள்ள மனிதர் வேறெப்படிச் சொல்வார்? முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது. பிறகு அந்த அம்மா தாம் கைகொடுத்த வேலைகளை ஒவ்வொரு நாளும் நாள்காட்டித் தாளில் குறித்துவைக்க, அக்குறிப்புகளோடு செய்த இரண்டாம் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. மதிப்பீட்டு நாளில் குடும்பத்தார் உண்மை நிலையைத் தயங்காமல் சொல்ல வேண்டும் என்று அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு உதவித் திட்டமான காம்கேரின் குறுகிய, நடுத்தர கால உதவிக்குக் குடும்ப வருமானம் 1,900 வெள்ளிக்குள் அல்லது தலைக்கு 800 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். மூவருள்ள வீட்டில் மகனின் சம்பளம் மட்டுமே வருமானம் என்றால், 2,400 வெள்ளியைத் தாண்டியதும் அக்குடும்பம் வரம்புக்கு வெளியே போய்விடுகிறது. தந்தையின் டயப்பருக்கும் மருத்துவமனைக்குச் செல்லும் டாக்சிக்கும் ஆகும் செலவு அந்தக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. "ஓவர்டைம் வேணாம்னு சொல்லிடவா, அண்ணே?" என்று துப்புரவு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். உழைக்க முன்வரும் பிள்ளையை அப்படிக் கேட்கவைக்கும் வரம்பு மாற வேண்டும் என்பதே என் கருத்து. வரம்பைத் தாண்டிய குடும்பங்களின் நிலையையும் சமூக சேவை அலுவலகம் பரிசீலிப்பதுண்டு என்பதால், மாதச் செலவுகளை ரசீதுகளோடு பட்டியலிட்டு அந்தத் தம்பிக்காக அவ்வலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் நாம் நடத்தும் விண்ணப்ப உதவி மேசையை வரும் ஆண்டும் தொடரவும், பதில் வரும்வரை இத்தகைய குடும்பங்களின் டயப்பர் செலவைச் சங்க நிதியிலிருந்து ஏற்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்