நாற்பதாம் வசனத்தையும் வாசியுங்கள்

பெருமதிப்புக்குரிய சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும் சபைக் கமிட்டியாருக்கும் தோத்திரம்.

சென்ற ஞாயிறு மாற்கு சுவிசேஷம் 12ஆம் அதிகாரத்தை 41ஆம் வசனத்திலிருந்து வாசித்து, காணிக்கைப்பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப்போல நாமும் கொடுக்க வேண்டும் என்று பிரசங்கித்தீர்கள். அந்நேரம் ஆலய வாசலில், கண்ணாடிப் பலகைக்குள், சபையார் செலுத்தும் சந்தாவான சங்கக் காணிக்கையின் பாக்கிப் பட்டியல் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் மூன்றாவது பெயர் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு விதவையுடையது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பாக்கி 840 ரூபாய். சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். பட்டியல் ஒட்டிய நாள்முதல் அந்த அம்மா முன்வாசல் பக்கம் வருவதில்லை. இரண்டாம் மணி அடித்து எல்லாரும் உள்ளே போனபிறகு, பக்கவாசல் வழியாக வந்து கடைசித் தூணருகே உட்காருகிறார். அன்று காணிக்கைப் பை வந்தபோது, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தைச் சத்தமில்லாமல் உள்ளே விட்டதைப் பின்வரிசையிலிருந்த நான் கண்டேன். அந்தப் பத்து ரூபாய்க்கு ரசீதும் கிடையாது, பட்டியலில் கழிவும் கிடையாது.

எருசலேம் ஆலயத்தில் எக்காள வடிவில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதரின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. அந்த விதவை போட்டது, ஒருநாள் கூலியான தெனாரியம் என்ற ரோம நாணயத்தில் 64இல் ஒரு பங்கு. ஆண்டவர் அதை அவளிடம் கேட்கவில்லை; "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று நல்ல சமாரியன் கதையில் சொன்னவர், இங்கே அப்படி யாருக்கும் சொல்லவில்லை. மாறாக, இதற்கு முந்தின 40ஆம் வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரை, அதாவது வேதச் சட்டம் போதிப்பவர்களைக் கண்டிக்கிறார். லூக்கா சுவிசேஷத்திலாவது இந்தக் கண்டனத்துக்கும் விதவையின் காணிக்கைக்கும் நடுவில் அதிகாரம் மாறுவதால், கண்டனத்தை வாசிக்காமல் தப்பித்துக்கொள்ளலாம். மாற்குவில் அதற்கும் வழியில்லை.

கோபுர நிதிக்கு அள்ளிக்கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டினீர்கள், சபை மகிழ்ந்தது. அந்த விதவையின் பெயரை மாற்கு எழுதாமல் விட்டார். நம் கமிட்டி அங்கே இருந்திருந்தால் அந்தக் குறையும் தீர்ந்திருக்கும், பாக்கித் தொகையோடு. இப்படி எழுதியதற்காக மன்னிக்கவும். கோபம் வார்த்தையை முந்திவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான்: பட்டியலை எடுத்துவிடுங்கள். ஆலயச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. கொடுக்க வசதியுள்ளவரிடம் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். வசதியில்லாதவரின் பாக்கியைக் கமிட்டிக் கூட்டத்திலேயே தள்ளுபடி செய்யுங்கள். பலகைச் சாவி செயலாளரிடம் இருப்பதாக அறிகிறேன். வருகிற ஞாயிறு முதல் மணி அடிக்குமுன், அந்த அம்மா முன்வாசல் வழியாக வரும்படி, அந்தத் தாளை எடுத்துவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
சபையார் ஒருவர்